டயலாக் பெட்டியில் உள்ளீட்டுப் படிவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுதுகிற யாரும் இந்த வேலையிலிருந்து தப்ப முடியாது. டயலாக் என்று சொல்லும் ஒரு சின்ன விண்டோ திறக்க வேண்டும். அதில் நாலைந்து கட்டங்கள். கீழே ஓகே, கேன்சல். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று உட்காருவோம். இரண்டு வாரம் கழித்து, "என்டர் தட்டினால் வேறு ஏதோ திறக்கிறது", "கேன்சல் அழுத்தியும் விலை மாறிவிட்டது", "லேபிள் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது" என்று புகார்கள் வரிசை கட்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். க்யூடி, வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப், ஸ்விங், ஜிடிகே, டிகேஇன்டர் என்று விண்டோவும் பட்டனும் கட்டித் தரும் எந்த டூல்கிட்டில் எழுதினாலும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றுதான். பெயர்கள்தான் வேறு.

இந்தப் படிவத்துக்கு டயலாக் தேவையா, முதன்மை விண்டோவிலேயே வைத்துவிடலாமா?

பயனர் ஒரு காரியத்தைத் தொடங்கி, முடித்து, விட்ட இடத்துக்குத் திரும்பப் போகிறார் என்றால் டயலாக் சரி. புதிய வாடிக்கையாளரைச் சேர்ப்பது, அச்சிடும் அமைப்பை மாற்றுவது எல்லாம் இந்த வகை. பின்னால் இருக்கும் பட்டியலைப் பார்த்துப் பார்த்து நிரப்ப வேண்டிய படிவம் என்றால் அதை முதன்மை விண்டோவின் ஓரத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் பின்னணியைத் தடுக்காத, மோடல் அல்லாத டயலாக்காகத் திறங்கள். நாள் முழுக்க நூறு முறை திறந்து மூடப்படும் டயலாக் என்றால், அது டயலாக்காக இருப்பதே தவறு என்று எடுத்துக்கொள்ளலாம்.

மோடல் டயலாக், தன்னை மூடும்வரை பின்னாலிருக்கும் விண்டோவைத் தொடவிடாது. ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்திலும் பிறகு ஆப்பிளிலும் வேலை செய்த லாரி டெஸ்லர் (1945–2020), மென்பொருள் பயனரை இப்படி ஒரு நிலைக்குள் அடைத்து வைப்பதை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர். தன் கார் நம்பர் பிளேட்டிலேயே "நோ மோட்ஸ்" (நிலைகள் வேண்டாம்) என்று போட்டுக்கொண்டவர். அவர் அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் உள்ளே அடைத்தால், வெளியே வரும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். இதைப் பின்னால் கேன்சல் பட்டன் விஷயத்தில் பார்ப்போம்.

டிகேஇன்டர்காரர்களுக்கு ஒரு குறிப்பு: டாப்லெவல் விண்டோ தானாக மோடல் ஆகாது. டிரான்சியன்ட், கிராப்செட், வெயிட்விண்டோ மூன்றையும் நீங்களே அழைக்க வேண்டும். அல்லது சிம்பிள்டயலாக் தொகுப்பில் இருக்கும் டயலாக் கிளாஸை எடுத்து அதன் பாடி, வேலிடேட், அப்ளை என்ற மூன்று மெத்தட்களை மட்டும் எழுதினால் போதும். படிவத்தை எப்படிப் பிரித்து யோசிக்க வேண்டும் என்பதற்கு அந்த மூன்று பெயர்களே நல்ல பாடம்.

ஓகே அழுத்தும்வரை மதிப்புகள் எங்கே இருக்க வேண்டும்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. ஓகே, கேன்சல் என்று இரண்டு பட்டன் வைத்த நிமிடமே பயனருக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஓகே சொல்லும்வரை எதுவும் மாறாது. கேன்சல் சொன்னால் இந்த டயலாக்கைத் திறக்கவே இல்லை என்பது போல எல்லாம் பழையபடி இருக்கும். படிவம் கட்டுவதில் உள்ள மற்ற வேலைகள் அத்தனையும் இந்த வாக்கைக் காப்பாற்றும் வேலைதான்.

அதனால் டயலாக் எப்போதும் பிரதியில் வேலை செய்ய வேண்டும். திறக்கும்போது மூலப் பொருளிலிருந்து (தரவை வைத்திருக்கும் ஆப்ஜெக்டிலிருந்து) மதிப்புகளைக் கட்டங்களுக்கு எடுத்து வையுங்கள். பயனர் என்ன தட்டினாலும் அது கட்டங்களிலேயே, அல்லது ஒரு தற்காலிகப் பொருளிலேயே கிடக்கட்டும். ஓகே அழுத்தியதும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சரிபாருங்கள். அத்தனையும் சரி என்றால் மட்டும் ஒரே மூச்சில் மூலப் பொருளுக்கு மாற்றுங்கள். ஒன்று தவறினாலும் ஒன்றும் மாறக்கூடாது. பெயர் மாறிவிட்டது, விலை பிழை என்று நின்றுவிட்டது என்ற பாதி நிலை பிறகு கண்டுபிடிக்க முடியாத கோளாறுகளைப் பெற்றுப் போடும்.

டேட்டா பைண்டிங் (கட்டத்தையும் பொருளையும் இணைத்து, ஒன்று மாறினால் மற்றதும் மாறச் செய்வது) வைத்து எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். பட்டியலில் தேர்ந்தெடுத்த அதே பொருளை டயலாக்குக்கு நேராகக் கட்டிவிடுவார்கள். அறிகுறி தெளிவாகத் தெரியும்: டயலாக்கில் பெயரைத் தட்டத் தட்ட, பின்னால் இருக்கும் பட்டியலிலும் அந்த வரி எழுத்து எழுத்தாக மாறும். பார்க்க அழகாக இருக்கும். பிறகு பயனர் கேன்சல் அழுத்துவார். பட்டியலில் புதிய பெயர் அப்படியே நிற்கும்.

"அப்ளை" பட்டனும் வேண்டும் என்கிறார்கள். அதன் பிறகு கேன்சல் அழுத்தினால்?

அப்ளை செய்தது செய்ததுதான். அதற்குப் பின் தட்டியதை மட்டும் கேன்சல் கைவிட வேண்டும். விண்டோஸில் பல வருடங்களாக இருக்கும் வழக்கம் இது. விளைவை உடனே கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டிய அமைப்புகளுக்கு மட்டும் அப்ளை வையுங்கள். பதிவு சேர்க்கும் படிவத்துக்கு அது வேண்டாம்.

டிசைனரில் இழுத்து வைத்த இடத்தில் எல்லாம் அழகாக இருந்தது. வேறு கணினியில் ஏன் கலைந்துபோகிறது?

பிக்சல் கணக்கில் வைத்ததால். விண்டோஸில் 100% அளவு என்றால் அங்குலத்துக்கு 96 பிக்சல். இன்றைய மடிக்கணினிகள் பலவும் 125 அல்லது 150 சதவீதத்தில் ஓடுகின்றன. ஃபான்ட் பெரிதாகிறது, கட்டம் பெரிதாவதில்லை, எழுத்தின் கால் வெட்டுப்படுகிறது. பழைய வின்32 டயலாக்குகளில் இதற்காகவே தனி அளவு வைத்திருந்தார்கள்: டயலாக் யூனிட். கிடைமட்டத்தில் எழுத்தின் சராசரி அகலத்தில் நான்கில் ஒரு பங்கு, செங்குத்தில் எழுத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. ஃபான்ட் மாறினால் அளவும் கூடவே மாறும். அந்த யோசனை இன்றும் சரியானதுதான்.

மொழி மாறும்போது இந்தச் சிக்கல் இன்னும் முற்றுகிறது. "நேம்" என்ற நாலெழுத்து ஆங்கில லேபிளுக்கு 60 பிக்சல் ஒதுக்கிவிட்டு, தமிழில் "நிறுவனத்தின் பெயர்" என்று போட்டால் "நிறுவனத்" என்பதோடு நின்றுவிடும். மேலே புள்ளியும் இகரக் குறியும், கீழே உகரக் குறியும் வரும் எழுத்துகளுக்கு உயரமும் கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த கட்டத்தில் "கு", "ழு" இரண்டின் அடிப்பகுதியும் கோட்டுக்குள் மறைவதைப் பல மென்பொருள்களில் பார்க்கலாம்.

தீர்வு, இடத்தை நீங்கள் சொல்லாமல் உறவை மட்டும் சொல்வது: இரண்டு நெடுவரிசை, முதலாவது லேபிளின் அகலத்துக்கு, இரண்டாவது மீதி இடம் முழுக்க. க்யூடியில் 2008இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே இதற்கென்று ஃபார்ம் லேஅவுட் இருக்கிறது. வின்ஃபார்ம்ஸில் 2005இலிருந்து டேபிள் லேஅவுட் பேனல். ஸ்விங்கில் கிரிட்பேக் அல்லது குரூப் லேஅவுட். ஜிடிகேயில் கிரிட். டிகேஇன்டரிலும் கிரிட்தான், அதில் இரண்டாவது நெடுவரிசைக்கு வெயிட் 1 கொடுத்து, கட்டத்தைக் கிழக்கு மேற்காக ஒட்டவைக்க மறந்தால், விண்டோவை இழுத்துப் பெரிதாக்கும்போது கட்டங்கள் மட்டும் குறுகியே நிற்கும்.

லேபிளை இடப்பக்கம் வைப்பதா, மேலே வைப்பதா?

டெஸ்க்டாப் டயலாக்கில் இடப்பக்கம் வைப்பதே வழக்கம். மேக்கில் லேபிளை வலப்பக்கம் ஒதுக்கி, கட்டத்தை ஒட்டினாற்போல வைப்பார்கள். விண்டோஸில் இடப்பக்கம் ஒதுக்குவார்கள். க்யூடியின் ஃபார்ம் லேஅவுட் இதைத் தளத்துக்கு ஏற்பத் தானே பார்த்துக்கொள்ளும். நீளமான லேபிள்கள் நிறைய இருந்தால் மேலே வையுங்கள். ஒரே டயலாக்கில் இரண்டையும் கலக்காதீர்கள். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பெழுத்தை லேபிளுக்குப் பதிலாக வைக்கவே வேண்டாம். ஒரு எழுத்து தட்டியதும் அது மறைந்துவிடும், எந்தக் கட்டம் எதற்கு என்று பிறகு தெரியாது.

எந்தத் தகவலுக்கு எந்தக் கட்டம்?

எண்ணாகத் தெரிவதெல்லாம் எண் இல்லை. தொலைபேசி எண்ணை வைத்து யாரும் கூட்டல் கழித்தல் செய்வதில்லை. அதை எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும், கூட்டல் குறியும் போகும். அது எழுத்துதான். வங்கிக் கணக்கு எண்ணும் அஞ்சல் குறியீடும் அப்படியே.

கணக்கிடப்போகும் எண்களுக்கு, அம்புக்குறியால் கூட்டிக் குறைக்கும் ஸ்பின் பாக்ஸ் நல்லது, ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. நீளமான படிவத்தை மவுஸ் சக்கரத்தால் உருட்டும்போது, சுட்டி ஸ்பின் பாக்ஸின் மேல் வந்துவிட்டால் படிவம் நகர்வது நின்று எண் மாற ஆரம்பிக்கும். பயனருக்கு அது தெரியவே தெரியாது. 10 என்று வைத்தது 7 ஆகிச் சேமிக்கப்படும். ஃபோகஸ் (தட்டுவதை வாங்கிக்கொள்ளும் நிலை) இல்லாத ஸ்பின் பாக்ஸும், பட்டியல் விரியும் காம்போ பாக்ஸும் சக்கரத்தைக் கண்டுகொள்ளாதபடி செய்துவிடுங்கள். க்யூடியில் ஃபோகஸ் பாலிசியை மாற்றி, சக்கர நிகழ்வையும் தடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

தசமப் புள்ளியும் கவனிக்க வேண்டியது. உலகின் பல மொழிகளில் 1,5 என்றால் ஒன்றரை. கணினியின் மொழி அமைப்பைப் பார்த்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். கோப்பில் சேமிக்கும்போது மட்டும் எல்லா இடத்திலும் மாறாத ஒரே வடிவத்தில் சேமியுங்கள். தேதிக்கும் இதே விதி: 03/04/2025 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று யாராலும் சொல்ல முடியாது. திரையில் பயனரின் வழக்கப்படி காட்டுங்கள், உள்ளே ஐஎஸ்ஓ 8601 என்ற தேதித் தரம் சொல்கிறபடி 2025-04-03 என்று வையுங்கள். காலண்டர் விரியும் கட்டம் பக்கத்துத் தேதிகளுக்கு வசதி. பிறந்த தேதியைக் காலண்டரில் மாதம் மாதமாகப் பின்னால் நகர்த்திப் போய்த் தேட வைப்பது கொடுமை, தட்டவும் விடுங்கள்.

தேர்வுகள் இரண்டிலிருந்து ஐந்துக்குள் இருந்தால் ரேடியோ பட்டன், அதற்கு மேல் காம்போ, ஐம்பதைத் தாண்டினால் தட்டித் தேடும் வசதி உள்ள காம்போ. ஆம், இல்லை என்ற ஒரே கேள்விக்குச் செக் பாக்ஸ். அதன் வாசகத்தை எதிர்மறையாக எழுதாதீர்கள். "அறிவிப்புகளைக் காட்டாதே" என்ற பெட்டியில் டிக் இல்லையென்றால் என்ன பொருள் என்று யோசிக்க ஒரு விநாடி ஆகிறது. அந்த விநாடி வீண்.

சரிபார்ப்பை எப்போது செய்வது? தட்டும்போதா, கட்டத்தை விட்டு நகரும்போதா, ஓகே அழுத்தும்போதா?

ஓகே அழுத்தும்போது கட்டாயம். கட்டத்தை விட்டு நகரும்போது நல்லது. தட்டும்போது மிகுந்த கவனத்தோடு.

ஏன் கவனம் என்றால், பாதி தட்டிய மதிப்பு எப்போதும் தவறாகத்தான் இருக்கும். வயது 18 முதல் 60 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயனர் 45 தட்ட வேண்டும். முதலில் 4 விழும். 4 என்பது 18ஐ விடக் குறைவு. உடனே தடுத்தால் அவரால் 45ஐத் தட்டவே முடியாது. க்யூடியின் வேலிடேட்டர் இதனால்தான் இரண்டு விடைக்குப் பதில் மூன்று விடை சொல்கிறது: சரி, தவறு, இடைநிலை. 4 இடைநிலை, போக விடு, ஆனால் அப்படியே ஓகே சொன்னால் ஏற்காதே. வேறு டூல்கிட்டில் எழுதினாலும் இந்த மூன்று நிலையை மனதில் வைத்து எழுதுங்கள்.

விசை நிகழ்வைப் பிடித்து "எண் விசை தவிர வேறு எதையும் விடாதே" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மவுஸால் வலது கிளிக் செய்து பேஸ்ட் போட்டால் அந்தக் காவல் தாண்டப்படும். நியாயமாகத் தேவைப்படும் பேக்ஸ்பேஸ், கன்ட்ரோல்+வி எல்லாம் மாட்டிக்கொள்ளும். விசையைப் பார்க்காதீர்கள், கட்டத்தில் சேர்ந்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீங்களே வெட்டிவிடுங்கள். அதைப் பயனரின் பிழையாக்கிச் செய்தி காட்டக்கூடாது.

டிகேஇன்டரில் ஒரு பொறி இருக்கிறது. சரிபார்க்கும் ஃபங்ஷன் உண்மை அல்லது பொய் என்று திருப்பித் தராமல் ஒன்றும் தராமல் முடிந்தால், அந்தக் கட்டத்தின் சரிபார்ப்பு சத்தமில்லாமல் அணைந்துவிடும். முதல் எழுத்துக்கு மட்டும் வேலை செய்கிறது, பிறகு செய்யவில்லை என்று வருகிறவர்கள் பலருக்கும் காரணம் இதுவே.

தவறான கட்டத்தை விட்டு நகர முடியாதபடி பூட்டினேன். இப்போது கேன்சலும் வேலை செய்யவில்லை!

முதலில் சொன்ன அடைத்து வைக்கும் சிக்கல் இதுதான். கேன்சலைக் கிளிக் செய்தால் ஃபோகஸ் கட்டத்தை விட்டு நகர வேண்டும்; நகர்வதற்கு முன் சரிபார்ப்பு ஓடுகிறது; மதிப்பு தவறு, எனவே நகர விடமாட்டேன் என்கிறது. தவறாகத் தட்டிவிட்டு "சரி, வேண்டாம், போய்விடலாம்" என்று நினைக்கும் மனிதர் போகவும் முடியாமல் நிற்கிறார். வின்ஃபார்ம்ஸில் கேன்சல் பட்டனின் காஸஸ்வேலிடேஷன் பண்பைப் பொய் ஆக்குங்கள். ஸ்விங்கில் இன்புட் வெரிஃபையர் வைத்திருந்தால், கேன்சல் பட்டனுக்கு ஃபோகஸ் வரும்போது சரிபார்க்காதே என்று செட்வெரிஃபைஇன்புட்வென்ஃபோகஸ்டார்கெட் மூலம் சொல்லுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், பூட்டவே வேண்டாம். கட்டத்தின் பக்கத்தில் பிழையைக் காட்டிவிட்டு நகர விடுங்கள். மேலே உள்ள கட்டத்துக்கான விடை கீழே உள்ள கட்டத்தை நிரப்பும்போதுதான் பலருக்கு நினைவுக்கு வரும்.

பிழைச் செய்தியை எப்படிக் காட்டுவது?

இன்னொரு டயலாக் திறந்து "தவறான உள்ளீடு" என்று சொல்லாதீர்கள். எந்தக் கட்டம், என்ன தவறு, என்ன தட்டினால் சரியாகும் என்ற மூன்றும் அந்தக் கட்டத்தின் அருகிலேயே இருக்க வேண்டும். "வயது 18 முதல் 60 வரை இருக்க வேண்டும்" என்பது செய்தி. ஓகே அழுத்தும்போது ஐந்து பிழை இருந்தால் ஐந்தையும் ஒரே நேரத்தில் காட்டுங்கள். ஒவ்வொன்றாகச் சொல்லி ஐந்து முறை திருப்பி அனுப்பாதீர்கள். ஃபோகஸை முதல் பிழையுள்ள கட்டத்துக்கு எடுத்துப் போங்கள். தட்டியதை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். ஒரு எழுத்தைத் திருத்தினால் போதுமானதாக இருந்திருக்கும்.

சிவப்பு நிறம் மட்டும் போதாது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்குச் சிவப்பு ஓரம் தெரியாது. ஒரு சின்னமும் வாசகமும் கூட வேண்டும். வின்ஃபார்ம்ஸில் எரர்புரொவைடர் இதற்காகவே இருக்கிறது.

என்டர் தட்டினால் ஓகே ஆகாமல் கோப்பு தேடும் விண்டோ திறக்கிறது. ஏன்?

க்யூடியில் டயலாக்குக்குள் வைக்கும் சாதாரணப் பட்டன் எல்லாவற்றுக்கும் ஆட்டோடீஃபால்ட் என்ற பண்பு தானாகவே இயங்கு நிலையில் இருக்கும். ஓகே பட்டனை இயல்புப் பட்டனாக நீங்கள் அறிவிக்காவிட்டால், டேப் வரிசையில் அடுத்து வரும் பட்டன் என்டரைப் பிடித்துக்கொள்ளும்; கட்டத்தின் பக்கத்தில் "உலாவு" பட்டன் இருந்தால் அதுதான் முந்திக்கொள்ளும். ஓகே தவிர மற்றவற்றில் அந்தப் பண்பை அணையுங்கள். வின்ஃபார்ம்ஸில் படிவத்தின் அக்செப்ட்பட்டன், கேன்சல்பட்டன் இரண்டையும் குறிப்பிடுங்கள். டபிள்யூபிஎஃப்பில் இஸ்டீஃபால்ட், இஸ்கேன்சல். பல வரி எழுதும் கட்டத்தில் மட்டும் என்டர் புது வரிக்குப் போகட்டும்.

என்டர் தட்டி ஓகே செய்தால் கடைசியாகத் திருத்திய கட்டம் மட்டும் பழைய மதிப்போடு சேமிக்கப்படுகிறது. மவுஸால் ஓகே அழுத்தினால் சரியாக இருக்கிறது.

இதை நானே பட்டிருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். டபிள்யூபிஎஃப்பில் ஒரு பொருள் பதிவுப் படிவம். கடைசிக் கட்டம் அளவு. "நான் 25 என்று மாற்றினேன், 20 என்றே நிற்கிறது" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் கணினியில் பத்து முறை செய்து பார்த்தேன், பத்து முறையும் 25 தான் சேமிக்கப்பட்டது. அவர் தட்டத் தவறுகிறார் என்று உள்ளுக்குள் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் மவுஸைத் தொடுவதே இல்லை. 25 தட்டுகிறார், அதே கை என்டருக்குப் போகிறது. நானோ ஒவ்வொரு முறையும் மவுஸை எடுத்து ஓகேயைக் கிளிக் செய்துகொண்டிருந்தேன்.

டபிள்யூபிஎஃப்பின் டெக்ஸ்ட் பாக்ஸ், ஃபோகஸ் தன்னை விட்டுப் போகும்போதுதான் மதிப்பைப் பைண்டிங்குக்குத் தள்ளும். மவுஸ் கிளிக்கில் ஃபோகஸ் ஓகே பட்டனுக்கு நகர்கிறது, மதிப்பு போய்ச் சேர்கிறது. என்டரில் ஃபோகஸ் நகர்வதே இல்லை. பட்டன் மட்டும் இயங்குகிறது. அதனால் 25 கட்டத்திலேயே நின்றுவிடுகிறது, சேமிப்பது பழைய 20ஐ. ஒவ்வொரு எழுத்துக்கும் மதிப்பு போகும்படி பைண்டிங்கின் அப்டேட்சோர்ஸ்ட்ரிக்கரை மாற்றலாம். அல்லது ஓகே நிரலின் முதல் வேலையாக ஃபோகஸை ஓகே பட்டனுக்கு நகர்த்தலாம். அந்த நபரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

டேப் வரிசை எப்படி அமைவது?

கண் போகும் வழியில் டேப் போக வேண்டும். டிகேஇன்டரில் உருவாக்கிய வரிசையே டேப் வரிசை. வின்ஃபார்ம்ஸில் டேப்இண்டெக்ஸ். நடுவில் ஒரு கட்டத்தைப் புதிதாகச் சேர்த்தால் அது வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒருமுறை டேப் தட்டிப் பாருங்கள். டயலாக் திறந்ததும் கர்சர் முதல் கட்டத்தில் தயாராக நிற்கட்டும். மேக்கில் இயல்பான அமைப்பில் டேப் எழுத்துக் கட்டங்களையும் பட்டியல்களையும் மட்டுமே தொடும். பட்டன்களையும் தொட வேண்டுமானால் பயனர் விசைப்பலகை அமைப்பை மாற்ற வேண்டும். அது உங்கள் நிரலின் பிழை இல்லை.

ஓகே எந்தப் பக்கம், கேன்சல் எந்தப் பக்கம்?

விண்டோஸில் ஓகே முதலில், கேன்சல் அடுத்து. மேக்கிலும், லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பிலும் கேன்சல் முதலில், உறுதி செய்யும் பட்டன் வலக்கோடியில். எது சிறந்தது என்று வாதாட வேண்டாம். பயனரின் கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதுதான் சரி. க்யூடியின் டயலாக் பட்டன் பாக்ஸைப் பயன்படுத்தினால் அந்தந்தத் தளத்துக்கு ஏற்ப அதுவே வரிசைப்படுத்தும்.

பட்டனின் வாசகம் வரிசையை விட முக்கியம். "ஓகே" என்பதை விட "சேமி", "அச்சிடு", "நீக்கு" என்று செயலையே எழுதுவது தெளிவு. ஆப்பிள் 1983இல் வெளியிட்ட லிசா கணினிக்கு மக்களை வைத்துச் சோதனை நடத்தியபோது, உறுதி செய்யும் பட்டனில் "டூ இட்", அதாவது "செய்" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சரியாகத் தெரியாமல், ஒருவர் அதை "டோல்ட்" என்று படித்துவிட்டார். ஆங்கிலத்தில் அதற்கு மடையன் என்று பொருள். கணினி தன்னைத் திட்டுகிறது என்று அவர் நொந்துபோனார். அதன் பிறகுதான் அந்தப் பட்டன் "ஓகே" ஆனது.

தமிழில் தட்டும் கட்டங்களுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டும். முதலாவது, நீளம். "ஸ்ரீ" என்பது கண்ணுக்கு ஒரு எழுத்து. யூனிகோடில் அது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு குறியீடுகள். யூடிஎஃப்-8இல் 12 பைட். "அதிகபட்சம் 20" என்று கட்டத்துக்குக் கட்டுப்பாடு வைத்தால், அது ஆங்கிலத்தில் 20 எழுத்து, தமிழில் 10 எழுத்துக்குக் கொஞ்சம் மேல்தான். டேட்டாபேஸில் 20 பைட் என்று இருந்தால் ஆறு குறியீட்டோடு முடிந்துவிடும். ஏழாவது நடுவில் உடைந்து கேள்விக்குறியாக நிற்கும். நீளத்தை எதில் எண்ணுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவம். "கொ" என்பதைக் க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். க, எகரக் குறி, கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடினால் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. ஓகே அழுத்தியதும் எல்லா எழுத்துக் கட்டங்களையும் என்எஃப்சி என்ற இயல்பு வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள். இது ஒரே வரி வேலை. "ஸ்ரீ" மட்டும் இதிலும் அடங்காது. அதை ஸ வைத்தும் எழுதுகிறார்கள், ஶ வைத்தும் எழுதுகிறார்கள். பல ஃபான்ட்களில் இரண்டும் ஒரே தோற்றம். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்படி தேடலில் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

விசையைப் பிடித்துச் சரிபார்க்க வேண்டாம் என்று முன்னால் சொன்னதற்கு இங்கே இன்னொரு காரணமும் சேர்கிறது. பல உள்ளீட்டு முறைகளில் நாலு விசை தட்டிய பிறகுதான் ஒரு எழுத்து உருவாகிறது. இடையில் நீங்கள் கை வைத்தால் எழுத்து பாதியில் முறிந்துவிடும்.

நிறைய நிரப்பிய பிறகு தெரியாமல் எஸ்கேப் தட்டினால்?

ஒன்றும் மாற்றவில்லை என்றால் பேசாமல் மூடுங்கள். மாற்றியிருந்தால், "நிரப்பியதைக் கைவிடவா?" என்று ஒருமுறை கேளுங்கள். மூலையில் உள்ள எக்ஸ் குறிக்கும் இதே வழிதான். இரண்டும் ஒரே நிரலுக்குள் வந்து சேர வேண்டும். இரண்டு கட்டம் மட்டும் உள்ள டயலாக்குக்கு இந்தக் கேள்வி தொல்லை.

ஓகே அழுத்தியதும் விண்டோ உறைந்துபோகிறது.

சேமிக்கும் வேலையோ, இணையத்தில் சரிபார்க்கும் வேலையோ திரையை வரையும் அதே த்ரெட்டில் (நிரல் ஓடும் இழையில்) ஓடுகிறது. விண்டோஸில் ஒரு விண்டோ ஐந்து விநாடி பதில் சொல்லாவிட்டால் "பதிலளிக்கவில்லை" என்ற முத்திரை விழுந்துவிடும். பயனர் பதறிப்போய் அப்ளிகேஷனையே மூடிவிடுவார். வேலையைப் பின்னணி த்ரெட்டுக்கு அனுப்புங்கள். ஓகேயை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை அழுத்தி இரண்டு பதிவு சேரும். டயலாக்கை மட்டும் வேலை வெற்றியாக முடிந்த பிறகே மூடுங்கள். முதலிலேயே மூடிவிட்டு, பிறகு "சேமிக்க முடியவில்லை" என்று சொன்னால், அவர் தட்டிய அத்தனையும் அந்த மூடிய டயலாக்கோடு போய்விட்டது.

முப்பது கட்டங்கள் இருக்கின்றன. டேப் பக்கங்களாகப் பிரிக்கலாமா?

பிரிப்பதற்கு முன் அந்த முப்பதில் எத்தனை உண்மையிலேயே தேவை என்று கேளுங்கள். மீதியை, எந்த வரிசையிலும் நிரப்பலாம் என்றால் டேப் பக்கங்களாகவும், ஒன்றின் விடை அடுத்ததைத் தீர்மானிக்கும் என்றால் படிப்படியான விசார்டாகவும் பிரியுங்கள். டேப் பக்கத்தில் பிழை மறைந்திருந்தால் ஓகே அழுத்தும்போது அந்தப் பக்கம் தானாக முன்னால் வர வேண்டும். இதை மறந்த டயலாக்கில் ஓகே ஏன் வேலை செய்யவில்லை என்று பயனர் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்.

திரை வாசிப்பானில் (பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளில்) கட்டத்தின் பெயர் கேட்கவில்லை. "எழுதும் கட்டம்" என்று மட்டும் சொல்கிறது.

லேபிள் அருகில் இருப்பது கண்ணுக்குத்தான் தெரியும். இந்த லேபிள் இந்தக் கட்டத்துடையது என்று நிரலிலும் சொல்ல வேண்டும். க்யூடியில் லேபிளுக்கு "செட்படி" என்ற மெத்தட். ஃபார்ம் லேஅவுட்டில் பெயரோடு வரி சேர்த்தால் அது தானாக நடக்கும். ஸ்விங்கில் செட்லேபிள்ஃபார். வின்ஃபார்ம்ஸில் லேபிளின் டேப்இண்டெக்ஸ் கட்டத்துக்குச் சரியாக ஒன்று முன்னால் இருக்கட்டும். இதே இணைப்பால்தான் ஆல்ட்+எழுத்து குறுக்குவழியும் லேபிளிலிருந்து கட்டத்துக்குப் போகிறது. என்விடிஏ என்ற திரை வாசிப்பான் இலவசம், நிறுவிக்கொண்டு கண்ணை மூடி உங்கள் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

வெளியிடும் முன் எதைச் சோதிப்பது?

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பதிவை முழுதாகச் சேருங்கள். கடைசிக் கட்டத்தைத் திருத்தி உடனே என்டர் தட்டுங்கள். எல்லாக் கட்டத்திலும் தவறாக நிரப்பிக் கேன்சல் அழுத்துங்கள். காலியாக ஓகே அழுத்துங்கள். மிக நீளமான ஒரு தமிழ் வரியை நகலெடுத்து ஒட்டுங்கள். திரை அளவை 150 சதவீதத்துக்கு மாற்றிப் பாருங்கள். திறந்து, ஒன்றும் மாற்றாமல் ஓகே அழுத்தி, சேமித்த பதிவு ஒரு எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். தேதியும் தசமமும் இங்கேதான் அகப்படும். பிறகு, இந்தப் படிவத்தைத் தினமும் நிரப்பப் போகும் ஒருவரை உட்கார வைத்து, எதுவும் சொல்லித்தராமல், அவர் கைகளைப் பாருங்கள்.